தழும்பை அனுப்புக

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிர்ப்புறம் இருந்த அந்தப் பழைய கட்டடத்தில், கீழ்மாடிக்கும் மேல்மாடிக்கும் நடுவே பதினேழு மரப்படிகள் இருந்தன. முழங்கால் வலி இல்லாத எவரும் அரை நிமிடத்தில் ஏறிவிடலாம். ஆனால் இந்தக் கதை நடந்த வருடத்தில், கீழே இருக்கும் ஒரு காகிதம் மேலே போய்ச் சேர வேண்டுமானால் அது முதலில் அமெரிக்காவுக்குப் போய்வர வேண்டும்.

மேல்மாடியில் இருந்தது ‘மாணவர் அனுமதி ஆவணங்களின் நவீன ஏற்புப் பிரிவு’. கீழ்மாடியில் இருந்தது முத்துலிங்கத்தின் கொமினிகேசன் கடை. டெலிபோன், போட்டோக்கொப்பி, அடையாள அட்டைக்குப் படம் பிடித்தல், ஒரு கம்பியூட்டர் எல்லாம் அங்கே உண்டு. இரண்டுக்கும் நடுவே, முதலாம் படியில், காக்கிச் சட்டையும் கம்பளித் தொப்பியுமாகப் பியோன் பழனியாண்டி உட்கார்ந்திருப்பார். யாரும் மேலே ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை.

அந்தத் தை மாதத்தில்தான் பணிப்பாளர் ஜெயரத்தினம் புதிய முறையைத் திறந்துவைத்திருந்தார். பெற்றோர்கள் மேல்மாடிக்கு அழைக்கப்பட்ட கடைசி நாள் அந்தத் திறப்பு நாள்தான். அவர் பேசியதை எழுத்துப் பிசகாமல் சுற்றறிக்கையிலும் அச்சிட்டிருந்தார்கள்:

“ஒரு கையெழுத்துக்காக எமது தோட்டப்புறப் பெற்றோர் எத்தனை மைல் நடந்து வருகிறார்கள்! அவர்கள் வந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்க எமது உத்தியோகத்தர்களுக்கு வேலை ஓடுவதில்லை. அந்தத் துன்பம் இன்றோடு தீர்ந்தது. விண்ணப்பங்கள் இனி இணையவழித் தொலைநகலில் மாத்திரமே ஏற்கப்படும். எந்தப் பெற்றோரும் இங்கு வரத் தேவையில்லை. வந்தாலும் நாங்கள் பார்க்க மாட்டோம். உங்கள் மீது எமக்குள்ள அக்கறை அத்தகையது.”

உத்தியோகத்தர்கள் கை தட்டினார்கள். மரியாதைக்காகப் பெற்றோர்களும் தட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தில் தெரேசா இல்லை. அன்று அவள் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் பிரிவான மேற்கணக்கில், முழங்கால் வரை பனி நனைத்த சேலையோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். சுற்றறிக்கை அவளுக்கு ஆனி மாதம்தான் தெரியவந்தது. அதற்குள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வரும் வருடம் முதலாம் ஆண்டு வகுப்பே நடக்காது, ஆசிரியர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கடைசி நாள் அந்த வார வெள்ளிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி. தவறினால், ஐந்து வயது முடிந்த அவளுடைய மகள் மெரினா இன்னும் ஒரு வருடம், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்து தூளியை ஆட்ட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலையில் தெரேசா மகளையும் கூட்டிக்கொண்டு, பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நான அட்டை, கிளினிக் கார்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கணவன் வியாகுலம் கொழும்பில் ஒரு கடையில் இருந்தான். அவன் போனில் சொன்னது ஒன்றுதான்: “எல்லாம் மிசின்ல போகுதாம் தெரேசா, இனி ஒன்னும் கஷ்டமில்ல.”

“அண்ணே, ஆபீஸ் இந்தா மேலதானே இருக்கு. ஒரு ஓட்டத்துல குடுத்துட்டு வந்துர்றேனே,” என்றாள் தெரேசா, முத்துலிங்கத்தின் கடையில் நின்றபடி.

“குடுக்கலாம் தங்கச்சி. வாங்க மாட்டாங்க,” என்றார் முத்துலிங்கம். “கையில குடுத்தா அது கடுதாசி. பெக்ஸ்ல போனாத்தான் ஆவணம்.”

முத்துலிங்கத்துக்கு விளக்கம் சொல்வதில் கொள்ளை ஆசை. உண்மையில் அது விளக்கத் தகுந்த அதிசயம்தான். கண்ணாடித் தட்டின்மேல் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தால், அடியில் ஒரு விளக்கு ஊர்ந்து போகும். அது பார்த்த படத்தைக் கம்பியூட்டர் வாங்கிக்கொள்ளும். பிறகு டெலிபோன் கம்பி வழியே, ஊளையிடுவதும் கீச்சிடுவதுமாக, அமெரிக்காவில் ஒரு கம்பனியின் கம்பியூட்டருக்கு அனுப்பும். அந்தக் கம்பனிக் கம்பியூட்டர் கடல் கடந்து மேல்மாடியின் நம்பரைக் கூப்பிடும். மேல்மாடி மிசின் பதில் ஊளையிட்டு, சுருள் தாளில் கோடு கோடாகச் சூடு வைத்துப் படத்தை இறக்கும். கட்டடத்துக்குப் பலகைத் தட்டு என்பதால், அந்த மிசின் உருளும் சத்தம் கீழே நிற்பவர்களின் உச்சந்தலைக்கு நேரே கேட்கும்.

“இந்தா, இதுதான் உங்களோடது,” என்று முத்துலிங்கம் விரலை மேலே காட்டினார்.

தெரேசா அண்ணாந்து பார்த்தாள். மெரினாவும் பார்த்தாள். சத்தம் நின்றதும் இருவரும் பெருமூச்சு விட்டார்கள்.

குறைபாடுகள் இருந்தால் மறுநாள் காலையில் பழனியாண்டி ஒரு பட்டியலைப் படியோரச் சுவரில் ஒட்டுவார். செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் மெரினாவின் பெயர் இருந்தது:

‘விண்ணப்பதாரர் ஐக்கிய அமெரிக்காவில் வசிப்பதாகத் தெரிகிறது. வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகள் தூதரகம் ஊடாக விண்ணப்பிக்கவும்.’

முத்துலிங்கம் நெற்றியில் அடித்துக்கொண்டார். எங்கிருந்து கூப்பிடுகிறதோ அந்த இடத்தின் நம்பரைத் தொலைநகல் மிசின் ஒவ்வொரு தாளின் தலையிலும் தானே அச்சடித்துவிடும். மெரினாவின் தலையில் அமெரிக்கா ஏறியிருந்தது.

தெரேசா திரும்ப ஊருக்கு ஓடி, கிராம சேவகரைப் பிடித்து, ‘இப்பிள்ளை பிறந்த நாள் முதல் இத்தோட்டத்து லயத்து வீட்டிலேயே வசிக்கிறது’ என்று ஒரு கடிதம் வாங்கி, மகளோடு மூன்று மணி பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். கடிதம் அமெரிக்காவுக்குப் போய் மேலே ஏறியது. கொஞ்ச நேரத்தில் கடையின் டெலிபோன் அடித்தது.

பேசியவர் பிரிவின் பொறுப்பதிகாரி குணபூசணி. யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காக வேலை செய்பவர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய குரல் முதலில் பலகை வழியாகவும், அதன் பின்னால் டெலிபோன் வழியாகவும் வந்தது.

“முத்துலிங்கம், கிராம சேவகரும் இப்ப அமெரிக்காவிலையோ இருக்கிறார்?”

“இல்லிங்க மிஸ். அவரு டயகமப் பக்கம் சைக்கிள்ல போறத நேத்துகூட பாத்தேன்.”

“நீங்கள் கண்டது எனக்கென்னத்துக்கு? தாளிலை என்ன கிடக்கோ அதைத்தான் நான் நம்பலாம். நாளைக்குக் கணக்குப் பாக்க ஓடிட் வந்து கேட்டால், முத்துலிங்கம் கண்டவர் எண்டு சொல்லேலுமே?”

“மிஸ், அந்தப் புள்ள இங்கதான் என் கடையில நிக்குது. குனிஞ்சு பலக இடுக்கு வழியா பாத்தீங்கன்னா தெரியும்.”

மேலே நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. பலகை இடுக்கில் இருந்து கொஞ்சம் தூசி மெரினாவின் தலையில் உதிர்ந்தது.

“அப்பிடிப் பாக்கிறதுக்குச் சுற்றறிக்கையிலை இடமில்லை,” என்றது குரல். “அனுப்பினவர் எண்ட முறையிலை நீங்கள் ஒரு கடிதம் தாங்கோ.”

முத்துலிங்கம் தட்டச்சு செய்தார்: ‘மேற்படி காகிதங்கள் மாத்திரமே அமெரிக்கா சென்று திரும்பின. பிள்ளையோ, தாயோ, கிராம சேவகரோ உடன் செல்லவில்லை என இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.’ அந்தக் கடிதமும் அமெரிக்கா போய் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது.

புதன்கிழமைப் பட்டியல்: ‘பிள்ளைக்கு எடை காணப்படவில்லை.’

இதற்கும் காரணம் உண்டு. கிளினிக் கார்டில் வளர்ச்சிப் படம் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாக இருக்கும். மிட்வைப் மிஸ்ஸி ஒவ்வொரு மாதமும் பிள்ளையை நிறுத்து, நீலப் பேனையால் ஒரு புள்ளி வைப்பார். தொலைநகலுக்கு நிறம் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டுதான், கறுப்பும் வெள்ளையும். பச்சையும் கறுப்பு, சிவப்பும் கறுப்பு, மிஸ்ஸி ஐந்து வருடமாக வைத்த புள்ளிகளும் கறுப்பு. இருட்டில் மெரினாவின் எடை தொலைந்து போயிருந்தது.

“எட இல்லாத புள்ளையா? காத்துல பறந்துறாம கையப் புடிச்சுக்க தாயி,” என்றார் படியில் இருந்த பழனியாண்டி.

தெரேசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கரப்பத்தனைக்குப் போய், வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனையால் மிஸ்ஸியிடம் எழுதி வாங்கினாள்: பதினாறு கிலோ. புதன் பின்னேரம் அனுப்பினாள். மூன்று நாள் வேலைக்குப் போகாததற்குக் கங்காணி ஏசிய ஏச்சு காதிலேயே நின்றது.

வியாழக்கிழமைப் பட்டியலை அவள் பார்க்கவில்லை. அன்றும் வேலைக்குப் போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை கொழுந்து பறித்துவிட்டு, கூடையை இறக்கிய கையோடு மகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. அவளுடைய பெயருக்கு நேரே இரண்டே சொற்கள் இருந்தன:

‘தழும்பை அனுப்புக.’

“எந்தத் தழும்பண்ணே?” என்று கேட்டாள்.

முத்துலிங்கம் ஏற்கெனவே மேலே கேட்டு வைத்திருந்தார். பிறந்தவுடன் போடுகிற காசநோய்த் தடுப்பூசி இடது புயத்தில் ஒரு வட்டத் தழும்பை விட்டுப்போகும். ஊசி பிடித்ததற்கு அதுதான் சாட்சி. கார்டில் ‘தழும்பு உண்டு’ என்று மிஸ்ஸி பென்சிலால் போட்டிருந்த அடையாளத்தைத் தொலைநகல் வெள்ளையாக்கிவிட்டது.

“மிஸ்ஸிக்கிட்ட இன்னொரு கடுதாசி…”

“மிஸ்ஸி இன்னிக்கு நுவரெலியாவுல மீட்டிங். இருக்கிறது ஒரு மணித்தியாலம்.” முத்துலிங்கம் கண்ணாடித் தட்டைப் பார்த்தார். பிறகு மெரினாவைப் பார்த்தார். “தழும்பத்தானே அனுப்பச் சொல்லியிருக்காங்க. அனுப்பிருவோம்.”

மெரினாவை ஸ்டூலில் ஏற்றி, சட்டைக் கையைச் சுருட்டி, புயத்தைக் கண்ணாடியில் அழுத்தி வைத்தார்கள். “குளுருதும்மா!” என்று அவள் நெளிந்தாள். விளக்கு ஊர்ந்து போயிற்று. திரையில் வந்தது முழுக் கறுப்பு. மூடியைத் திறந்து வைத்திருந்ததால் சுற்றிலும் கறுப்பு. வெயிலிலும் பனியிலும் வளர்ந்த பிள்ளையின் கை, அதுவும் கறுப்பு. தழும்பு எங்கும் இல்லை. முத்துலிங்கம் வெளிச்சத்தைக் கூட்டினார். கையே இல்லாமல் போயிற்று.

மணி மூன்று இருபது.

தெரேசா சுற்றிலும் பார்த்தாள். படம் பிடிக்க வருபவர்களுக்காகச் சுவர்க் கண்ணாடிக்குக் கீழே சீப்பும் பவுடர் டின்னும் இருந்தன. அவள் பவுடரை உள்ளங்கையில் கொட்டி மகளின் புயம் முழுக்கப் பூசினாள். பிறகு முந்தானையால் ஒரே ஒரு தரம் மெதுவாகத் துடைத்தாள். மேல் தோலில் இருந்தது போய்விட்டது. தழும்பின் சின்னக் குழிக்குள் மட்டும் பவுடர் தங்கி நின்றது.

விளக்கு மறுபடி ஊர்ந்தது. கறுப்புத் தாளின் நடுவே, பயற்றம் விதையளவில், வெள்ளை வட்டம்.

“அடிச்சீங்களே தங்கச்சி!” என்று கத்திவிட்டு முத்துலிங்கம் பொத்தானை அழுத்தினார்.

படம் போவதற்குக் காகிதத்தைவிட நேரம் எடுக்கும். மூன்று முப்பத்தெட்டுக்குத்தான் தலைக்கு மேலே மிசின் உருளத் தொடங்கியது. மூவரும் அண்ணாந்து நின்றார்கள். உருண்டது, உருண்டது. பிறகு நின்றது. மூன்று தரம் கீச்சிட்டது. அதன் பின்னால் ஒன்றுமே கேட்கவில்லை.

“வந்துருச்சா?”

முத்துலிங்கம் இல்லையென்று தலையை ஆட்டினார். “பாதியில நின்னுபோச்சு.”

கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முள் நிற்கும் வரை எந்தப் பெண்ணும் கூடையை விட்டு நகரமாட்டாள். நகர்ந்தால் கணக்கப்பிள்ளையின் கண் ஒரு கிலோவைக் குறைத்துப் படிக்கும். பதினோரு வருடப் பழக்கம் அது. தெரேசா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு படிக்கு வந்தாள்.

பழனியாண்டி எழுந்து கையை நீட்டினார். “ஏறக்கூடாது தாயி. என் வேல போயிரும்.”

“நான் போகலண்ணே. என் புள்ளையோட கை ஏற்கெனவே மேல போயிருச்சு. பாதியில நிக்குது. மிச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு நான் கீழ நின்னு என்ன செய்ய?”

பழனியாண்டி யோசித்தார். பிறகு கம்பளித் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் ஒதுங்கினார். “எனக்கு இந்தத் தொப்பி போட்டா ஒன்னும் தெரியாது,” என்றார்.

மேல்மாடியில் ஐந்து மேசைகளும் ஒரே ஒரு ஆளும். குணபூசணி சிவப்பு விளக்கு எரியும் மிசினின் முன்னால், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“ஆர் நீங்கள்? இஞ்சை ஒருத்தரும் வரப்படாதெண்டு தெரியாதே?”

“அந்தக் கையோட அம்மாங்க.”

சுருள் தாள் பாதி வெளியே தொங்கியது. அதில் முழங்கைக்கு மேலே கொஞ்சம் கறுப்பு இருந்தது. தழும்பு இன்னும் வரவில்லை.

“மிசின் சூடேறிப் போச்சு,” என்றார் குணபூசணி. மிசினைப் பற்றியது என்பதால் அவருடைய குரல் கொஞ்சம் மனிதக் குரலாக இருந்தது. “மிச்சம் அதின்ரை நினைவிலை கிடக்கு. ஆறினாப் பிறகுதான் வரும்.”

சூடேறியதில் வியப்பில்லை. அந்த மிசினில் மை கிடையாது. மயிரிழைச் சூட்டுப் புள்ளிகள் ஒரு வரிசையாக நின்று தாளைத் தொட்டுத் தொட்டுக் கறுப்பாக்கும். வெள்ளைத் தாள் வந்தால் அவற்றுக்கு ஓய்வு. கறுப்பு வந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். ஒரு தோட்டத்துப் பிள்ளையின் கையை முழுதாகப் பார்க்கும் வேலைக்கு அது செய்யப்பட்டதல்ல.

“எவ்வளவு நேரமாகுங்க மிஸ்?”

“புத்தகத்திலை இருபது நிமிசம் எண்டு கிடக்கு.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பத்தாறு.

“மிஸ், புள்ள இந்தா நிக்கிறா. தழும்பு இந்தா இருக்கு. நீங்களே தொட்டுப் பாருங்க.”

குணபூசணி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். “தயவுசெய்து காட்டாதேங்கோ. நான் பாத்தால் பாத்ததாகிப் போகும். பாத்ததை எங்கை பதியிறது? பேரேட்டிலை அதுக்கொரு நிரல் இல்லை. போன வருசம் ஒரு பிள்ளையை நேரை பாத்துச் சேர்த்ததுக்கு என்னட்டை மூண்டு தரம் விளக்கம் கேட்டவை தெரியுமே?”

தெரேசா மகளைக் கீழே இறக்கினாள். கிளினிக் கார்டை எடுத்து மிசினுக்கு விசிறத் தொடங்கினாள். அடுப்புக்கு விசிறுவதுபோல வேகமாக, சீராக விசிறினாள். மெரினா தன் பங்குக்கு வாயால் ஊதினாள். குணபூசணி ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பணிப்பாளரின் சுற்றறிக்கைக் கோவையை எடுத்து மறுபக்கத்தில் இருந்து விசிறினார். அந்தக் கோவை யாருக்காவது உதவியது அதுதான் முதல் தடவை.

மூன்று ஐம்பத்தைந்துக்குச் சிவப்பு விளக்கு அணைந்தது. மிசின் ஒரு முறை முனகிவிட்டு உருண்டது. கறுப்பு, கறுப்பு, மேலும் கறுப்பு. தாளின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கீறல் தெரிந்தது, அது பிறையாகி, வட்டமாகியது.

“தழும்பு காணப்படுகிறது,” என்று குணபூசணி உரக்கப் படித்துப் பேரேட்டில் எழுதினார். நேரம்: மூன்று ஐம்பத்தெட்டு. தெரேசா சிலுவை போட்டுக்கொண்டாள்.

“நில்லுங்கோ,” என்றார் குணபூசணி. அவர் கோவையைப் புரட்டி ஒரு பந்தியில் விரலை வைத்திருந்தார். “மூலப் பிரதி அலுவலகத்துக்குள்ளை வந்தால், திருப்பிக் குடுக்க முந்தி முத்திரை குத்தோணும். ஒரே ஆவணத்தை ரெண்டு பிள்ளைக்குப் பாவிக்கக் கூடாதெண்டு.”

“என்ன மூலப் பிரதிங்க?”

குணபூசணி மெரினாவின் புயத்தைப் பார்த்தார். அந்த வாரத்தில் அவர் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“குத்தாட்டி எனக்கும் பிழை, உங்கடை விண்ணப்பமும் செல்லாது. அம்மா, பிள்ளையின்ரை கையை மேசையிலை வையுங்கோ.”

தெரேசா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பத்தொன்பது. குனிந்து மகளின் காதில் ஏதோ சொன்னாள். மெரினா கையைத் தானாகவே நீட்டி மேசையில் வைத்தாள். குணபூசணி முத்திரையை மைத் தட்டில் ஒற்றி, நோகாமல், ஆனால் எழுத்து விடுபடாமல், தழும்புக்குக் கீழே குத்தினார். ஊதா நிறத்தில் விழுந்தது: ‘ஏற்கப்பட்டது. மறுமுறை பாவிக்கலாகாது.’

“ரசீது ஏதாச்சும் குடுப்பீங்களா மிஸ்?” என்று தெரேசா கேட்டாள்.

“உதுதான் ரசீது. கடிதம் வர நாப்பது நாள் செல்லும். அதுவரைக்கும் அழியாமல் வைச்சிருங்கோ. அழிஞ்சால் நான் பொறுப்பில்லை.”

கீழே இறங்கியபோது பழனியாண்டி தொப்பியை மேலே தள்ளினார். “அட, நீங்க எப்ப மேல போனீங்க?” என்றார். முத்துலிங்கம் முத்திரையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, அதன் மை நல்ல மை, தண்ணீர் பட்டால்தான் போகும் என்று விளக்கினார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கிரேட் வெஸ்டர்ன் மலை முழுக்க மறைந்து, சாய்வாக அடிக்கும் பெருமழை. முத்துலிங்கம் ஒரு பொலித்தீன் சிலிசிலிப் பையைக் கிழித்துக் கொடுத்தார். தெரேசா அதை மகளின் இடது புயத்தில் சுற்றி, சான்றிதழ்ப் பையைக் கட்டியிருந்த வாழைநாரால் மேலும் கீழும் கட்டினாள். அதன்மேல் தன் முந்தானையையும் போட்டாள். இருவரும் பஸ் நிலையத்துக்கு ஓடினார்கள். தெரேசா நனைந்தாள். மெரினாவின் தலை, சட்டை, சப்பாத்து எல்லாம் நனைந்தன. இடது புயம் மட்டும் காய்ந்திருந்தது.

நாற்பது நாள் என்றால் நாற்பது குளிப்பு. மலையில் இருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி ஒரு பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது என்று தெரேசா மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா,” என்றாள் மெரினா. “ஸ்கூலுக்கு இந்தக் கை மட்டுந்தான் போகுமா? நானும் போகலாமா?”

அக்கரப்பத்தனை பஸ் சேற்றை வாரியடித்துக்கொண்டு வந்து நின்றது. சனம் முண்டியடித்தது. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் மகளைப் பார்த்தாள்.

“மொதல்ல கைய ஏத்து,” என்றாள். “பின்னால நீ ஏறு.”